ஐ. ஐ. ரூபினின் மதிப்புக் கோட்பாட்டு ஆய்வு: மதிப்பைப் படைப்பது பரிவர்த்தனையா?

சோவியத் பொருளியலாளர் ஐசக் இலியிச் ரூபினின் ‘மார்க்சின் மதிப்புக் கோட்பாடு பற்றிய கட்டுரைகள்’ நூலைப் படித்துவிட்டு இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு முந்தைய மார்க்சியப் பொருளியலாளர்கள் சொல்லாத எதை ரூபின் சொன்னார் என்பது ஒன்று. உழைப்புதான் மதிப்பைப் படைக்கிறது என்ற நிலைப்பாட்டைக் கைவிட்டு, பரிவர்த்தனைதான் அதைப் படைக்கிறது என்ற இடத்துக்கு அவர் போய்விட்டார் என்று சோவியத் விமர்சகர்கள் தொடங்கி இன்றுவரை சொல்லப்பட்டு வரும் குற்றச்சாட்டு நியாயமானதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கிடைக்காமல் இரண்டாவதற்குள் நுழைய முடியாது என்பதால் அதே வரிசையில் செல்கிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நூலின் திருத்தப்பட்ட பதிப்பை ஊன்றிப் படித்தவர்கள் அந்தக் குற்றச்சாட்டை அப்படியே வைக்க முடியாது. ஆனாலும் அதற்கு அடியில் உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. அதை ரூபின் தெளிவாக்கினாரே தவிர முழுமையாகத் தீர்க்கவில்லை.

ரூபின் 1886-இல், அன்றைய ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த த்வின்ஸ்க் நகரில் (இன்று லாத்வியாவின் தௌகவ்பில்ஸ்) யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இளம் வயதிலேயே யூதத் தொழிலாளர் இயக்கமான ‘புந்த்’ அமைப்பில் சேர்ந்தார். பின்னர், போல்ஷெவிக்குகளை எதிர்த்த சோஷலிஸ்டுகளான மென்ஷெவிக்குகளுடன் நின்றார். 1920-களின் தொடக்கத்தில் சிறையும் கிரீமியாவில் கட்டாயக் குடியிருப்பும் அவருக்கு வாய்த்தன. நீங்கள் படித்த நூலின் முதல் பதிப்பு வெளிவந்தது இந்தக் காலத்தில், 1923-இல். 1926-இல் டேவிட் ரியாசனோவ் தமது தலைமையில் இயங்கிய மாஸ்கோ மார்க்ஸ்-எங்கெல்ஸ் நிறுவனத்தில் அவருக்கு இடமளித்தார். மார்க்சின் கையெழுத்துப் படிகளையும் கடிதங்களையும் பழைய பதிப்புகளையும் அன்று உலகிலேயே அதிகமாகத் திரட்டி வைத்திருந்த இடம் அது. ரூபினின் ஆய்வு முறையை விளங்கிக்கொள்ள இந்தச் சூழல் முக்கியம். ‘மூலதனம்’ முதல் தொகுதியின் 1867 ஜெர்மன் பதிப்பு, பின்வந்த பதிப்பு, மார்க்சே திருத்திக் கொடுத்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒரு கருத்து எங்கே விரிகிறது, எங்கே சுருங்குகிறது என்று கவனித்தே அவர் தமது வாதத்தைக் கட்டினார். கட்சித் தீர்மானங்களை மேற்கோள் காட்டி எதிராளியை வீழ்த்தும் வழக்கம் பெருகிவந்த ஆண்டுகளில் இது பொறுமை மிகுந்த வேலை.

அவருக்கு முன்பு நிலைமை என்னவாக இருந்தது? ஆஸ்திரியப் பொருளியலாளர் போம்-பாவெர்க் 1896-இல் மார்க்சை விமர்சித்தபோது, ‘மூலதனம்’ நூலின் தொடக்கப் பக்கங்களையே தமது இலக்காகக் கொண்டார். இரண்டு சரக்குகள் சமமாகப் பரிமாறப்படுகின்றன. எனவே இரண்டிலும் பொதுவான ஏதோ ஒன்று இருக்க வேண்டும். பயன்மதிப்பை (பொருளின் பயன்பாட்டை) ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது உழைப்பு மட்டுமே என்று மார்க்ஸ் சொல்லும் இடம் அது. உழைப்பு மட்டும்தான் எஞ்சுகிறது என்பதற்கு என்ன நிரூபணம், அருமைத்தன்மை (கிடைப்பதற்கு அரிதாக இருப்பது) ஏன் எஞ்சக்கூடாது, தேவையும் அளிப்பும் ஏன் எஞ்சக்கூடாது என்று போம்-பாவெர்க் கேட்டார். மார்க்சியப் பொருளியலாளர் ஹில்ஃபர்டிங் 1904-இல் இதற்கு எழுதிய பதில் சரியான திசையில் சென்றது. மதிப்பு என்பது சமூகத்தைப் பற்றிய கோட்பாடே ஒழிய நுகர்வோர் மனத்தைப் பற்றிய கோட்பாடு அல்ல என்று அவர் எழுதினார். ஆனாலும் பாடநூல்களில் நிலைத்தது வேறு. ஒரு பொருளைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆனதோ அத்தனை மணி நேர மதிப்பு அதற்குள் அடைபட்டிருக்கிறது என்ற, செவ்வியல் பொருளியலாளர் ரிக்கார்டோவிடமிருந்து அதிக தூரம் விலகாத ஒரு விளக்கமே மார்க்சியம் என்று கற்பிக்கப்பட்டது.

ரூபின் இந்த விவாதத்தின் நுழைவாயிலையே மாற்றினார். மதிப்பையும் அதன் அளவையும் செவ்வியல் பொருளியல் ஆராய்ந்தது, ஆனால் உழைப்பு ஏன் மதிப்பு என்ற வடிவத்தை எடுக்கிறது என்று அது ஒருபோதும் கேட்கவில்லை என்று மார்க்ஸ் முதல் அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில் எழுதுகிறார். பெரும்பாலோர் கடந்துபோன அந்த வாக்கியத்தை ரூபின் ஆய்வின் தொடக்கமாக வைத்துக்கொண்டார். அவர் நூலின் அமைப்பே இதைச் சொல்லும். ‘மூலதனம்’ நூலில் முதல் அத்தியாயத்தின் கடைசியில் வருகின்ற, பலரும் ஓர் இலக்கிய அலங்காரமாக அல்லது பண்பாட்டு விமர்சனமாக எடுத்துக்கொள்கிற, ‘சரக்கு மாயை’ குறித்த பகுதியை அவர் முதல் பாகமாக எடுத்து ஏழு அத்தியாயங்கள் எழுதினார். மதிப்புக் கோட்பாடு அதற்குப் பிறகு, எட்டாவது அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது.

இந்த வரிசை மாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. சரக்குப் பொருளாதாரத்தில் உற்பத்தியாளர்கள் தனித்தனியானவர்கள். யார் எதை எவ்வளவு செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பங்கிட்டுத் தரும் குலமோ மடமோ திட்டக்குழுவோ அங்கே இல்லை. ஒருவர் உழைப்பு இன்னொருவர் உழைப்போடு தொடர்பு கொள்ளும் ஒரே இடம், அவர்கள் செய்த பொருட்கள் சந்திக்கும் சந்தை. ஆகவே மனிதர்களுக்கு இடையிலான உறவு பொருட்களுக்கு இடையிலான உறவாகத் தோன்றுகிறது. இதுவரை எல்லோரும் சொன்னதுதான். இங்கிருந்து ரூபின் ஓரடி கூடுதலாக எடுத்து வைக்கிறார். பொருட்களின் திரைக்குப் பின்னால் மனித உறவுகள் ஒளிந்திருக்கின்றன என்பதோடு மார்க்ஸ் நிற்கவில்லை. இந்தச் சமூகத்தில் அந்த உறவுகள் பொருட்களின் வழியாகத் தவிர வேறு எந்த வழியிலும் நிலவவே முடியாது என்பதையும் அவர் காட்டினார் என்கிறார் ரூபின். இந்த மாயை கண்ணின் பிழையன்று. அறிந்துகொண்டால் கலைந்துவிடுவதும் அன்று. பணத்தின் உடைமையாளரும் உழைப்புச் சக்தியின் உடைமையாளரும் எதிரெதிரே நிற்பதால்தான் ஒருவர் முதலாளியாகவும் மற்றவர் தொழிலாளியாகவும் ஆகிறார்கள். பொருள் உறவை மறைப்பதோடு உறவைச் சுமக்கவும் செய்கிறது.

இதை ஏற்றுக்கொண்டால் போம்-பாவெர்க்கின் கேள்வி தானாகவே இடம் மாறுகிறது. இரண்டு பொருட்களை எடைத்தட்டில் வைத்து, அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று வடிகட்டித் தேடும் வேலை மார்க்சுடையது அல்ல. உழைப்பைப் பங்கீடு செய்வது எந்தச் சமூகத்துக்கும் தவிர்க்க முடியாத தேவை. ஒரு நாடு சில வாரங்கள் உழைப்பை நிறுத்தினாலே அழிந்துவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும் என்று மார்க்ஸ் 1868 ஜூலையில் தம் நண்பர் குகெல்மனுக்கு எழுதினார். இந்தப் பங்கீடு, தனியார் உற்பத்தியாளர்களின் சமூகத்தில், எந்த வடிவத்தில் நிறைவேறுகிறது என்பதே கேள்வி. மதிப்பு என்பதுதான் அந்த வடிவம். ‘உழைப்பு ஏன், அருமைத்தன்மை ஏன் அல்ல?’ என்ற வினாவுக்கு இதைவிட நேரான விடையை மார்க்சிய மரபில் நான் கண்டதில்லை.

இங்கிருந்து நூலின் மையமான பதினான்காம் அத்தியாயத்துக்கு வரலாம். அருவ உழைப்பு பற்றியது அது. மனித மூளை, தசை, நரம்பு ஆகியவற்றின் உடலியல் செலவு என்ற பொருளில் உழைப்பு மதிப்பைப் படைக்கிறது என்று மார்க்ஸ் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். அதே அத்தியாயத்தில், மதிப்பு என்ற வகையில் சரக்கில் ஓர் அணு அளவுக்கும் இயற்கைப் பொருள் இல்லை, அது முற்றிலும் சமூகத் தன்மை உடையது என்றும் எழுதியிருக்கிறார். இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது? உடலியல் செலவுதான் மதிப்பின் சாரம் என்றால், ராபின்சன் குரூசோவின் உழைப்பும் பண்ணையடிமையின் உழைப்பும் மதிப்பைப் படைத்தாக வேண்டும். அப்போது மதிப்பு எல்லாக் காலத்துக்கும் உரிய இயற்கை நிகழ்வாகிவிடும். மார்க்ஸ் எதை மறுக்கப் புறப்பட்டாரோ அதுவே திரும்ப வந்து நிற்கும்.

ரூபின் மூன்று கருத்துகளைப் பிரித்துக் காட்டினார். உடலியல் அளவில் ஒத்த உழைப்பு எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவானது; அது ஒரு முன்நிபந்தனை மட்டுமே. சமூகம் சமப்படுத்தும் உழைப்பு, பல சமூகங்களில் இருக்கக்கூடியது. ஒரு சோஷலிசக் கூட்டுச் சமூகமும் பல்வகை உழைப்புகளை ஒப்பிட்டுக் கணக்கிட்டுப் பங்கிடும். அருவ உழைப்பு என்பது இவை இரண்டும் அல்ல. பொருட்களைச் சமப்படுத்துவதன் வழியாக மட்டுமே உழைப்புகள் சமப்படுத்தப்படும்போது, அதாவது தனியார் உழைப்பு தன் சமூகத் தன்மையைப் பரிவர்த்தனையில்தான் பெறும்போது, அந்த உழைப்பே அருவ உழைப்பு. கூட்டுச் சமூகத்தில் ஒருவர் உழைப்பு, திட்டத்தின் ஒரு பகுதி என்பதால், செய்யப்படும்போதே சமூக உழைப்பாக இருக்கிறது. சரக்குச் சமூகத்தில் அது விற்றுத்தான் தன்னை நிரூபித்தாக வேண்டும்.

இதை மார்க்சின் கைத்தறி எடுத்துக்காட்டில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இங்கிலாந்தில் விசைத்தறி வந்த பிறகு, குறிப்பிட்ட அளவு நூலைத் துணியாக நெய்ய முன்பு தேவைப்பட்ட உழைப்பில் ஏறத்தாழப் பாதி போதுமானதாயிற்று. கைத்தறி நெசவாளருக்கோ முன்போலவே நேரம் பிடித்தது. அவர் கைகால்களின் அசைவில் எந்த மாற்றமும் இல்லை. அதே தறி, அதே நூல், அதே களைப்பு. ஆனால் அவருடைய ஒரு மணி நேரம் இப்போது அரை மணி நேரச் சமூக உழைப்பாக மட்டுமே எண்ணப்பட்டது. துணியின் மதிப்பும் பாதியாகச் சரிந்தது. நெசவாளர் உடல் செலவிட்ட ஆற்றலை அளந்து இந்தச் சரிவை யாரும் கண்டுபிடிக்க முடியாது. வேறொரு பட்டறையில் நடந்த மாற்றம் இவருடைய உழைப்பின் எடையைக் குறைத்துவிட்டது. அது இவருக்குத் தெரியவருவதும் சந்தையில், விலை வீழ்ந்த பிறகுதான். மதிப்பு துணிக்குள் அடைபட்டிருக்கும் ஒரு பொருள் அல்ல, உற்பத்தியாளர்களுக்கு இடையிலான உறவு என்று ரூபின் வற்புறுத்துவதன் பொருளை இந்த நெசவாளரின் நிலை காட்டுகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. உழைப்பு பரிவர்த்தனையில்தான் அருவ உழைப்பாகிறது என்றால், பரிவர்த்தனைக்கு முன்பு மதிப்பே இல்லை என்றுதானே ஆகும்? மதிப்பு விலையை ஒழுங்குபடுத்துகிறது என்று சொல்லிவிட்டு, விலைக்குப் பிறகுதான் மதிப்பு பிறக்கிறது என்றும் சொல்வது வட்டத்தில் சுற்றுவது ஆகாதா? 1920-களில் தாஷ்கோவ்ஸ்கி போன்ற சோவியத் பொருளியலாளர்கள் கேட்டதன் சாரம் இதுதான். அவர்கள் எல்லோரும் அதிகாரத்தின் குரலாகப் பேசியவர்கள் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். அது நேர்மையான, கூர்மையான கேள்வி.

1927-இல் ஆற்றிய ஓர் உரையிலும், 1928-இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் ரூபின் இதற்கு விடையளித்தார். பரிவர்த்தனை என்பதற்கு இரண்டு பொருள்கள் உண்டு என்றார். உற்பத்தி ஒரு கட்டம், விற்பனை அடுத்த கட்டம், மீண்டும் உற்பத்தி என்று மாறிமாறி வரும் தொடரில் ஒரு கட்டமாக இருப்பது ஒரு பொருள். மறுஉற்பத்தி (உற்பத்தி மீண்டும் மீண்டும் தொடர்வது) முழுவதற்குமான சமூக வடிவமாக இருப்பது மற்றொரு பொருள். அருவ உழைப்பு பரிவர்த்தனையைச் சார்ந்தது என்று தாம் சொல்வது இந்த இரண்டாவது பொருளில்தான் என்பது அவர் நிலைப்பாடு. சந்தைக்காகவே உற்பத்தி நடக்கும் சமூகத்தில், உற்பத்தியாளர் பட்டறையில் இருக்கும்போதே சரக்கு உற்பத்தியாளராகத்தான் இருக்கிறார். எந்தத் துணியை நெய்வது, எந்த வேகத்தில் நெய்வது, நூலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற எல்லாக் கணக்கிலும் சந்தை முன்பே நுழைந்துவிட்டது. எனவே உழைப்பு விற்பனைக்கு முன்பே, உற்பத்தியின்போதே, அருவத் தன்மை பெற்றிருக்கிறது, ஆனால் உள்ளுறையாக. விற்பனை என்ற கட்டம் அதை நடைமுறையில் உறுதிசெய்கிறது அல்லது உறுதிசெய்யத் தவறுகிறது. உழைப்பின் நேர அளவு, தீவிரம், பயிற்சி, ஒரு மணி நேரத்தில் வெளிவரும் பொருளின் அளவு ஆகியவை சந்தை தீர்மானிப்பவை அல்ல, உற்பத்தியில் இருப்பவை என்றும் அவர் தெளிவாகச் சேர்த்தார்.

இந்த விடையைப் படித்த பிறகும், ‘மதிப்பைப் படைப்பது பரிவர்த்தனை என்றவர்’ என்று அவரை ஒரு வரியில் சுருக்குவது படிக்காதவர்கள் செய்யும் வேலை. ஆனால் சிக்கல் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ‘உள்ளுறையாக’ என்ற சொல்லின் மீது அவர் மிகுந்த பாரத்தை ஏற்றுகிறார். உற்பத்தியில் உள்ளுறையாக இருக்கும் உழைப்பின் அளவும், சந்தை ஏற்றுக்கொள்ளும் உழைப்பின் அளவும் வேறுபடும்போது, அந்த வேறுபாட்டை மதிப்பின் மாற்றம் என்பதா, மதிப்பிலிருந்து விலை விலகியது என்பதா? தேவைக்கு மிஞ்சித் துணி நெய்யப்பட்டால், மிஞ்சிய உழைப்பு மதிப்பைப் படைக்கவில்லையா, அல்லது படைத்த மதிப்பைப் பணமாக மாற்ற முடியாமல் போனதா? பதினேழாம் அத்தியாயத்தில் ரூபின் உற்பத்தித் தொழில்நுட்பத்தின் பக்கம் உறுதியாகச் சாய்கிறார்: தேவை எந்த அளவுக்கு உற்பத்தி நடக்கும் என்பதைப் பாதிக்குமே தவிர, மதிப்பை நிர்ணயிப்பது உழைப்பின் உற்பத்தித்திறனே என்கிறார். இது பதினான்காம் அத்தியாயத்தின் சமூக வடிவ வாதத்தோடு முற்றிலும் பொருந்தி நிற்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருடைய பலம் மதிப்பின் தன்மை பற்றிய ஆய்வில் இருக்கிறது; அளவு பற்றிய பகுதியில் அவர் பழைய விடையையே புதிய சட்டகத்துக்குள் வைக்கிறார்.

மதிப்பிலிருந்து உற்பத்தி விலைக்கு (செலவோடு சராசரி லாபம் சேர்ந்த விலைக்கு) மாறுவது பற்றிய பகுதியையும் இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். 80 நிலை மூலதனமும் (இயந்திரம், மூலப்பொருள்) 20 மாறும் மூலதனமும் (கூலி) கொண்ட தொழில் ஒன்று, 60-உம் 40-உம் கொண்ட தொழில் மற்றொன்று; உபரி மதிப்பு விகிதம் (கூலிக்கு மேல் தொழிலாளி படைக்கும் மதிப்புக்கும் கூலிக்கும் உள்ள விகிதம்) 100 சதவீதம் என்றால் மதிப்புகள் 120-உம் 140-உம் ஆகும். லாப விகிதம் சராசரியாகும்போது இரண்டும் 130-க்கு விற்கும். இந்தக் கணக்கில் மதிப்பின் கூட்டுத்தொகை காக்கப்படுகிறதா என்ற கேள்வியிலேயே பொருளியலாளர்கள் நூற்றாண்டுக்கும் மேலாகச் சண்டையிட்டு வருகிறார்கள். ரூபின் அதில் நேரத்தைச் செலவிடவில்லை. எளிய சரக்குப் பொருளாதாரத்தில் மதிப்பு நேரடியாக உழைப்பைப் பங்கிடுகிறது. முதலாளியத்தில் உற்பத்தி விலை முதலில் மூலதனத்தைப் பங்கிடுகிறது, அதன் வழியாகவே உழைப்பு பங்கிடப்படுகிறது. சங்கிலி நீண்டிருக்கிறதே தவிர அறுபடவில்லை என்பது அவர் விடை. கருத்தளவில் அழகான விடைதான். கணக்கு கேட்டவருக்கு அது போதாது.

நூலுக்கும் நூலாசிரியருக்கும் நேர்ந்ததைத் தவிர்த்துவிட்டு இந்தப் பதிலை முடிக்க இயலாது. நான்காம் பதிப்பு 1930-இல் வந்தது. அதே காலத்தில் ‘ரூபினியம்’ என்ற வசைச்சொல்லும் அச்சேறியது. 1930 டிசம்பரில் அவர் கைதானார். மென்ஷெவிக்குகளின் ‘ஒன்றியப் பணியகம்’ என்று புனையப்பட்ட ஓர் அமைப்பின் பேரில், 1931 மார்ச்சில் 14 பேர் மீது பொது விசாரணை நடந்தது. ரூபின் முதலில் மறுத்தார். அவருடைய சகோதரி பின்னாளில் எழுதிவைத்த நினைவுக்குறிப்பின்படி, சுஸ்தல் சிறையில், ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னொரு கைதி கொல்லப்படுவான் என்று மிரட்டி, அவர் கண்முன்னே அடுத்தடுத்த இரவுகளில் இளைஞர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பின்னரே அவர் பணிந்தார். ரியாசனோவிடம் இரகசிய ஆவணங்களை ஒப்படைத்ததாக அவர் வாயால் சொல்லவைத்தார்கள். தமக்கு அடைக்கலம் கொடுத்தவருக்கு எதிராகவே. ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் கசகஸ்தானின் அக்த்யூபின்ஸ்கில் வாழ்ந்த அவரை 1937 நவம்பரில் மீண்டும் கைதுசெய்து சுட்டுக் கொன்றார்கள். ரியாசனோவ் 1938 ஜனவரியில் சுடப்பட்டார். இதே சரக்கு வடிவ ஆய்விலிருந்து சட்டக் கோட்பாட்டைக் கட்டிய பஷுகானிசும் 1937-இல் கொல்லப்பட்டார்.

இதைத் தனிப்பட்ட பகை என்று மட்டும் பார்க்கக் கூடாது. மதிப்பு, தனியார் உற்பத்தியாளர் சமூகத்துக்கே உரிய வடிவம் என்றால், கூலியும் விலையும் பணமும் தொடரும் ஒரு நாட்டைச் சோஷலிச நாடு என்று அழைப்பது கடினமாகிறது. 1943-இல் சோவியத் தத்துவ இதழொன்று, மதிப்பு விதி சோஷலிசத்திலும் செயல்படுகிறது என்று அறிவித்தது. 1952-இல் ஸ்டாலினே அதை ஒரு நூலாக எழுதினார். ரூபினின் வாசிப்பு நிலைத்திருந்தால் அந்த அறிவிப்புக்குத் தத்துவ இடமே இருந்திருக்காது. 1930-இல் அவரைத் தாக்கியவர்கள் இதையெல்லாம் முன்கூட்டி எண்ணிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பக்கம் காற்று அடித்தது என்பது தெரிகிறது.

மார்க்சின் 1857–58 கையெழுத்துப் படிகளான ‘குருண்ட்ரிஸ்’ மாஸ்கோவில் 1939-இல்தான் அச்சாகத் தொடங்கியது. ரூபின் கையில் அந்த அச்சுநூல் இல்லை. அதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான ரொமான் ரொஸ்டோல்ஸ்கியின் நூல் 1968-இல் வந்தபோது, வடிவத்துக்கு மார்க்ஸ் கொடுத்த முக்கியத்துவம் பற்றி ரூபின் வந்தடைந்திருந்த முடிவுகள் பலவும் வேறொரு பாதையில் வலுப்பெற்றன. ரூபினின் நூல் 1972-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மறு ஆண்டு ஜெர்மனில் வந்தது. மேற்கு ஜெர்மனியில் பக்ஹவுசும் ரைகெல்ட்டும் தத்துவவாதி அடோர்னோவின் வகுப்பறையிலிருந்து கிளம்பி மதிப்பு வடிவத்தை மறுபடி படிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. நாற்பதாண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதே பாதையில் நடந்திருக்கிறார் என்பதை அந்தத் தலைமுறை அப்போதுதான் அறிந்தது.

அவருடைய ஆய்வில் என்னை உறுத்தும் குறை இன்னொன்று உண்டு. ‘கட்டுரைகள்’ நூலில் பணம் ஏறக்குறைய இல்லை. தனியார் உழைப்பு சமூக உழைப்பாக மாறுவது பரிவர்த்தனையில் என்றால், அந்த மாற்றம் உண்மையில் நடப்பது பணத்தோடு மாறும்போதுதான். சரக்குக்குச் சரக்கு மாறும் கற்பனைக் காட்சியில் அல்ல. மதிப்பின் வடிவம் பற்றி இவ்வளவு எழுதியவர் பணத்தை விட்டது ஏன் என்று பலரும் வியந்தார்கள். விடை அவர் குடும்பத்தார் காத்துவைத்திருந்த தாள்களில் இருந்தது. மார்க்சின் பணக் கோட்பாடு பற்றிய அவருடைய கையெழுத்துப் படி 2011-இல் ரஷ்ய மொழியில் அச்சாயிற்று. பின்னர் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. மதிப்புக் கோட்பாட்டையும் பணக் கோட்பாட்டையும் பிரிக்கவே முடியாது என்ற நிலைப்பாட்டை அவர் அங்கே எடுத்திருப்பதைக் காணலாம்.

உங்கள் ஆய்வேட்டுக்கு நான் பரிந்துரைக்கும் வாசிப்பு வரிசை இது. ‘கட்டுரைகள்’ நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் தொடங்கி, பன்னிரண்டையும் பதினான்கையும் படியுங்கள். 1927 உரையை அதோடு வைத்துப் பாருங்கள். பிறகு பணம் பற்றிய கையெழுத்துப் படிக்குப் போய்விட்டுப் பதினேழாம் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். மதிப்பின் அளவு பற்றி அவர் அங்கே சொல்வது, பணத்தைப் பற்றி அவரே எழுதியதோடு எந்த இடத்தில் உரசுகிறது என்பதைக் குறித்துக்கொண்டால், குற்றச்சாட்டுக்குப் பதில் எழுதுவதைவிடப் பயனுள்ள ஓர் அத்தியாயம் உங்களுக்குக் கிடைத்துவிடும்.